இராஜபாளையம் நாயின் அளவும் இலட்சணமும்

உழவுமாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கிறார்; நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார்; குளம்பைத் தட்டிப் பார்க்கிறார். சுழி பார்ப்பவர்களும் உண்டு. ஆயினும் சுழி நன்றாக அமைந்திருக்கிறது என்பதற்காக நொண்டி மாட்டை எவரும் விலைகொடுத்து வாங்கி வருவதில்லை. அதே விவசாயி தோப்புக் காவலுக்காக இராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கச் செல்லும்பொழுது மட்டும், குட்டி பால் வெள்ளையா, மூக்குச் சிவப்பா என்னும் இரண்டையே கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். சில வாரங்கள் சென்ற பின்னர், பெயர் சொல்லி அழைத்தால் குட்டி திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைக் காண நேரிடுகிறது. கள்வன் வேலி தாண்டும் ஓசையைக் கேளாத நாய் காவலுக்கு எவ்வாறு உதவும்?

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களில் இந்நாயை வளர்ப்போர் பலர். குட்டிகளை விற்று வருவாய் தேடுவோரும் உளர். ஆகவே, இந்த இனத்திற்கு உரிய உயரம் என்ன, உறுப்புக்கள் எவ்வாறு அமைதல் வேண்டும், நிறத்திற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் முறையாக அறிந்திருத்தல் நலம். இலட்சணம் என்பது எதற்காக வகுக்கப்பட்டது என்பதையும், அதை எந்த வரிசையில் பார்த்தல் வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

இனமும் அதன் பெயரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழை அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இராஜபாளையம் நகரின் பெயரையே இந்த நாய் தாங்கி நிற்கிறது. பாளையக்காரர் காலத்தில் இது போரிலும் காவலிலும் பயன்பட்டது என்று இப்பகுதிப் பெரியோர் வழிவழியாகக் கூறி வருகின்றனர். இதற்குப் 'பாளையக்கார நாய்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரும் வழக்கில் உண்டு. முற்காலத்தில் மலையடிவாரத்துக் காட்டுப்பன்றி வேட்டையே இதன் முதன்மையான தொழிலாக இருந்தது. இதன் உடலமைப்பில் நாம் இன்று காணும் இலட்சணங்கள் பலவும் அந்தத் தொழிலினால் அமைந்தவையே.

இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் நாட்டு நாய்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டுக்காவல் நாய், இராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு இராஜபாளையம் நாயும் அவற்றுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பாரதப் பிரதமர் வானொலியில் ஆற்றிய உரையிலும் இதன் பெயர் இடம்பெற்றது. ஹரியானாவில் கர்னால் என்னும் ஊரில் தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இயங்கி வருகிறது. மாடு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றின் நாட்டு இனங்களைப் பதிவு செய்யும் அந்நிறுவனம், நாய்களில் முதன்முதலாகப் பதிவு செய்த இனங்கள் மூன்று. அவை இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் என்பனவாம். மூன்றனுள் இரண்டு நமது விருதுநகர் மாவட்டத்திற்கு உரியவை என்பது பெருமைக்குரிய செய்தியன்றோ?

அண்டை இனங்களோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதிருத்தல் வேண்டும். சிப்பிப்பாறை நாய் இதனினும் மெல்லிய உடலும் ஒடுங்கிய முகமும் உடையது. பல நிறங்களில் காணப்படுவது. கன்னி நாய் பெரும்பாலும் கருமை நிறமும், கால்களிலும் முகத்திலும் செம்பழுப்புத் திட்டுக்களும் உடையது. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செம்பழுப்பு உடலும் கரிய வாயும் கொண்ட கட்டான காவல் நாய். வெள்ளையாக உள்ள நாய் யாவும் இராஜபாளையம் ஆகிவிடுவதில்லை.

கண்ணால் கண்டு துரத்தும் நாய்

வேட்டை நாய்கள் இருவகைப்படும். தரையில் மூக்கை வைத்து மோப்பத்தால் இரையைத் தேடிச் செல்பவை ஒரு வகை. தொலைவில் அசையும் இரையைக் கண்ணால் கண்டு, ஓடித் துரத்திப் பிடிப்பவை மற்றொரு வகை. இராஜபாளையம் நாய் இரண்டாம் வகையைச் சார்ந்தது. மேல்நாட்டுக் கிரேஹவுண்டு, அரபு நாடுகளின் சலூக்கி ஆகியவையும் இவ்வகையினவே. இவ்வகை நாய்களுக்கு நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு ஆகிய மூன்றும் பொதுவாக அமைந்திருக்கும். கால் நீண்டிருந்தால் எட்டு நீளும். மார்பு ஆழ்ந்திருந்தால் நுரையீரலுக்கும் இதயத்திற்கும் இடம் கிடைக்கும். வயிறு உள்வாங்கியிருந்தால் ஓடும்போது பின்னங்கால்கள் தடையின்றி முன்னே வந்து ஊன்றும்.

ஆனால் முயலைத் துரத்தும் நாய்க்கும் பன்றியை எதிர்த்து நிற்கும் நாய்க்கும் வேறுபாடு உண்டு. முயலுக்கு வேகம் போதும். பன்றியோ திரும்பி எதிர்க்கும்; தந்தத்தால் கிழிக்கும். அதன் காரணமாகவே இராஜபாளையம் நாய், இவ்வகையைச் சார்ந்த பிற நாய்களைக் காட்டிலும் எலும்பு பருத்தும், தாடை வலுத்தும், கழுத்துத் தடித்தும் காணப்படுகிறது. ஓட்டத்திற்குரிய உடலும் எதிர்த்து நிற்பதற்குரிய வலிமையும் ஒருங்கே அமைந்திருத்தலே இவ்வினத்தின் தனி இலட்சணம். இதனை மனத்திற் கொண்டால், மேலே கூறப்போகும் அளவுகளின் பொருள் எளிதில் விளங்கும்.

உயரமும் அதை அளக்கும் முறையும்

நன்கு வளர்ந்த இராஜபாளையம் நாயின் உயரம் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 26 முதல் 30 அங்குலம் வரை, இருத்தல் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கடுவன் இவ்வளவின் மேற்பகுதியிலும், பெட்டை கீழ்ப்பகுதியிலும் அமைவது இயல்பு. ஆங்கில நாட்டு இலட்சண விதிப்படி ஆண் கிரேஹவுண்டின் உயரம் 71 முதல் 76 சென்டிமீட்டர் வரை. ஆகவே நமது நாய் உயரத்தில் உலகப் புகழ்பெற்ற ஓட்ட நாய்க்கு அதிகம் பிற்பட்டதன்று.

உயரம் என்பது தலை உச்சி வரை அளப்பதன்று. முன்னங்கால்களுக்கு நேர் மேலே, கழுத்து முதுகோடு சேருமிடத்தில் தோள் எலும்புகளின் உச்சி புடைத்திருக்கும். தரையிலிருந்து அந்த இடம் வரை உள்ள நேர்க்குத்தான அளவே நாயின் உயரம். அளக்கும் முறை வருமாறு:

முதலாவது, நாயைச் சமமான சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி நிறுத்துக. மண் தரையும் சரிவான களமும் ஆகா.

இரண்டாவது, முன்னங்கால்கள் இரண்டும் தூண்போல் நேராக நிற்க வேண்டும். கால் அகன்றிருந்தால் உயரம் குறைந்து காட்டும். தலை இயல்பாக இருத்தல் வேண்டும். கயிற்றைப் பிடித்து மேலே தூக்குதல் கூடாது.

மூன்றாவது, நேரான மரச்சட்டம் ஒன்றைத் தோள் உச்சியின்மீது படுக்கையாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடுக. பின்னர் நாயை அகற்றிவிட்டுத் தரையிலிருந்து குறி வரை அளந்துகொள்க.

நான்காவது, மும்முறை அளந்து சராசரி காண்க. நாய் அஞ்சி ஒடுங்கி நிற்குமாயின் அன்று அளவாது விட்டு, மறுநாள் அளத்தல் நலம்.

பதினெட்டு மாதம் நிரம்பாத நாயின் உயரத்தை முடிவான அளவாகக் கொள்ளலாகாது. ஆறு மாதக் குட்டியை வைத்துக்கொண்டு, "இது 30 அங்குலம் வரும்" என்று உறுதி கூறி விலை பேசுவோர் சொல்லை நம்புதல் வேண்டா. தாய், தந்தை இரண்டின் உயரத்தையும் நேரிற் கண்டு அளந்து பார்ப்பதே குட்டியின் வளர்ச்சியை ஊகிக்கும் வழி.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உயரம் மிகுந்தால் நாய் சிறந்தது என்பது தவறான எண்ணம். உயரம் கூடக்கூட எலும்பும் தசையும் அதற்கேற்பக் கூடாவிடில், நாய் கொக்குப்போல் நிற்குமேயன்றி ஓடாது. எடைக்கும் இதுவே பொருந்தும். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தோலுக்கடியில் இலேசாகத் தெரிவது ஓட்ட நாய்க்கு நல்ல உடல்நிலையின் அறிகுறி. விலாவே தெரியாதபடி கொழுத்த நாயும், முதுகெலும்பு துருத்தி நிற்கும் மெலிந்த நாயும் இலட்சணத்திற்கு மாறானவை.

உறுப்பிலட்சணம்

தலை: நீண்டு, நெற்றியிலிருந்து மூக்கு வரை ஆழ்ந்த பள்ளமின்றி இறங்கி வரல் வேண்டும். தாடை வலிமை உடையதாகவும், மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசைக்குச் சற்று முன்னே கத்தரி அலகுபோல் ஒட்டிப் பொருந்தியும் அமைதல் வேண்டும். வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42.

கண்ணும் மூக்கும்: கண் பொன்னிறமாகவும், மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருப்பது மரபாக விரும்பப்படும் தோற்றம்.

செவி: நடுத்தர அளவினதாய், மடிந்து தொங்குவது இயல்பு. அழகுக்காகச் செவியை வெட்டுதல் கொடுமை. அதனால் பயன் எதுவும் இல்லை.

கழுத்து: நீண்டு, தசைப்பற்றுடன் இருத்தல் வேண்டும். தொண்டைத் தோல் சற்றுத் தளர்ந்திருப்பது குறையன்று.

மார்பும் வயிறும்: மார்பு முழங்கை வரை ஆழ்ந்தும், வயிறு நன்கு உள்வாங்கியும் இருத்தல் வேண்டும்.

முதுகு: நேராகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். உடலின் நீளம் உயரத்திற்குச் சமமாகவோ, சற்று மிகுந்தோ இருக்கலாம்.

கால்கள்: முன்னங்கால்கள் நேரானவை, பின்னங்கால்கள் தசைத் திரட்சி உடையவை. பாத விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அடித்தோல் தடித்திருக்க வேண்டும். விரல்கள் அகன்று பரந்த நாய் கரிசல் நிலத்திலும் கல் நிலத்திலும் விரைவில் நொண்டும்.

வால்: நீண்டு, நுனியை நோக்கி மெலிந்து, சற்றே வளைந்திருக்கும். முதுகின்மீது வளையமாகச் சுருண்டு படிவது கலப்பின் அறிகுறியாகலாம்.

மயிர்: குட்டையாகவும் மென்மையாகவும் உடலோடு ஒட்டியும் இருத்தல் வேண்டும். நம் நாட்டு வெயிலுக்கு ஏற்ற மயிர் இதுவே.

குணம்: தன்னை வளர்ப்பவரிடம் ஆழ்ந்த பற்றும், அயலாரிடம் ஐயமும் கொண்டது இந்நாய். காரணமின்றிக் கடிப்பதும், அஞ்சி ஒளிவதும் குணக் குறைகள். நாள்தோறும் ஓடுவதற்கு இடமில்லாத சிறு வீட்டில் இதனைக் கட்டிப்போட்டு வளர்த்தல் பொருந்தாது.

நிறமும் செவிப்புலனும்

இனி, இப்பாடத்தின் முதன்மையான பகுதிக்கு வருவோம். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகிய மூன்றும் இவ்வினத்தின் அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வினத்தில் கருமை, பழுப்பு, புள்ளி முதலிய நிறங்களிலும் குட்டிகள் பிறப்பதுண்டு. அத்தகைய குட்டிகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. வெள்ளைக் குட்டிக்கே விலை உண்டு. மற்றவை தாயின் பாலை வீணாக்கும் என்பது அவ்வாறு செய்தவர்களின் கருத்து. தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையையே இணை சேர்த்து, நிறக்குட்டிகளை நீக்கி வந்ததன் விளைவு யாது? இவ்வினத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி தோன்றும் குறையாயிற்று.

இதன் காரணத்தை விஞ்ஞானிகள் தெளிவாகக் கண்டறிந்துள்ளனர். தோலுக்கும் மயிருக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் நுண்ணிய உயிரணுக்கள் உடலில் உள்ளன. அவ்வுயிரணுக்கள் உட்செவியிலும் இருத்தல் வேண்டும். அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதன்று. ஒலியை உணரும் நரம்பு முனைகளுக்கு வேண்டிய சூழ்நிலையைப் பேணுவதாகும். உடல் முழுதும் வெளுக்கும் நாய்கள் சிலவற்றில் இவ்வுயிரணுக்கள் உட்செவியைச் சென்றடைவதில்லை. அப்பொழுது, குட்டி பிறந்த மூன்று, நான்கு வாரங்களில் ஒலியை உணரும் பகுதி நலிந்து அழிகிறது. அழிந்தது மீண்டும் வளர்வதில்லை, மருந்தும் கிடையாது. ஒரு செவியில் மட்டும் இவ்வாறு நேர்ந்தால் அரைச்செவிடு. இரண்டிலும் நேர்ந்தால் முழுச்செவிடு.

கண்ணுக்கும் இதனோடு தொடர்பு உண்டு. கண்ணின் கருவிழியைச் சுற்றியுள்ள வளையத்தில் நிறம் தரும் உயிரணுக்கள் குறைந்தால் கண் நீலமாகக் காணும். ஆகவே நீலக்கண் உடைய வெள்ளை நாய்களிடையே செவிடு மிகுதியாகக் காணப்படுகிறது. பிறந்து சில வாரங்கள் வரை எல்லாக் குட்டிகளின் கண்ணும் நீலச்சாயலோடுதான் இருக்கும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டா. மூன்று மாதம் ஆன பின்னும் கண் நீலமாகவே நிலைத்திருந்தால் ஐயப்படுதல் வேண்டும்.

வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று நாம் கூறவில்லை. நன்றாகக் காது கேட்கும் வெள்ளை நாய்கள் ஏராளம். வெண்மையை மட்டுமே குறிக்கோளாகக் கொண்டு, செவியைச் சோதியாமல் இனம் பெருக்கினால் செவிடு மிகும் என்பதே நாம் கூறுவது.

அயல்நாட்டு அனுபவம்

கரும்புள்ளிகளை உடைய டால்மேஷியன் என்னும் வெள்ளை நாயைப் படங்களில் பலர் பார்த்திருக்கலாம். அவ்வினத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 30 என்னும் அளவில் செவிக்குறை இருப்பது தெரிய வந்தது. அவற்றுள் சுமார் 8 முழுச்செவிடு. சுமார் 22 ஒரு செவி மட்டும் கேளாதவை. அவ்வினத்தில் சில குட்டிகள் பிறக்கும்போதே உடலில் பெரிய நிறத்திட்டு ஒன்றுடன் பிறக்கும். அழகு விதிகள் அத்தகைய குட்டியைத் தள்ளுபடி செய்தன. ஆராய்ந்து பார்த்தபோதோ, அத்திட்டுடைய குட்டிகளிடத்தில்தான் செவிடு மிகக் குறைவாக இருந்தது! எந்தக் குட்டிகள் இனத்தின் செவியைக் காத்திருக்குமோ, அவற்றையே அழகின் பெயரால் ஒதுக்கி வந்தனர். நார்வே நாட்டில் நீலக்கண் நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கியபின் இக்குறை குறைந்தது.

நம் வட்டாரத்தில் நிறக்குட்டிகளைக் கொன்றதும் இதே தவறுதான். நிறக்குட்டியும் அதே தாய் தந்தையரின் குட்டி; அதே காலும் மார்பும் தாடையும் உடையது. விற்பனைக்கு ஏற்காவிடினும் தோப்புக்கும் கிடைக்கும் காவலுக்கும் அது முழுத் தகுதி உடையது. மேலும், இன்று குட்டியைக் கொடிய முறையில் கொல்வது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

வீட்டிலேயே செவியைச் சோதித்தல்

குட்டியின் செவித்துளை பிறந்து இரண்டு வாரமளவில் திறக்கும். செவிடு நேர்வதாயின் அதற்குப் பின் சில வாரங்களில் நேர்ந்துவிடும். ஆதலால் ஆறாவது வாரம் முடிந்தபின் சோதித்தல் ஏற்றது.

குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதித்தல் பயன் தராது. செவிட்டுக் குட்டி, மற்றக் குட்டிகள் எழுவதைக் கண்டு தானும் எழுந்து ஓடிவரும். அதன் குறை வெளிப்படாது. ஆகவே ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்து வைத்தல் வேண்டும். அது உறங்கும்பொழுதோ, வேறு பக்கம் நோக்கி விளையாடும்பொழுதோ, அதன் கண்ணில் படாமல் பின்னே நின்று சிறு மணியையோ சாவிக்கொத்தையோ ஒலிக்கச் செய்க. தரையைத் தட்டுதல் கூடாது. அதிர்வை அது காலால் உணரும். மிக அருகில் கை தட்டுதலும் கூடாது. காற்று அதன் மேற்படும். உணவுத் தட்டை ஒலிக்கச் செய்வதும் ஆகாது, மணத்தால் திரும்பிவிடும். வேறு வேறு நாட்களில் மும்முறை சோதித்தும் செவியை அசைக்காத குட்டியை முழுச்செவிடு எனக் கருதலாம்.

இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு செவி மட்டும் கேளாத குட்டி, மற்றொரு செவியால் கேட்டுத் திரும்பிவிடும். அதனைக் கண்டறிய, மூளைக்குச் செல்லும் ஒலி நரம்பின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். இதனைப் பற்றிக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்து அறியலாம். அரைச்செவிட்டு நாய் வீட்டுக் காவலுக்குப் போதும்; ஆனால் இனப்பெருக்கத்திற்கு ஆகாது. பார்வைக்குக் குறையற்றதாகத் தோன்றும் அத்தகைய நாயே இனத்தில் செவிடு பரவுவதற்குப் பெரிதும் காரணமாகிறது.

முழுச்செவிட்டுக் குட்டியைக் கருத்தடை செய்து, சுற்றுச்சுவர் உள்ள வீட்டில், கைச்சைகையால் பழக்கி வளர்க்கலாம். சாலையோரத்திலும் திறந்த தோப்பிலும் விடலாகாது. வாங்குவோரிடம் குறையை மறைத்து விற்பது நாணயமன்று. ஊரின் நற்பெயரையும் அது கெடுக்கும்.

இணை சேர்ப்பதில் கவனம்

நல்ல நாயைத் தேர்ந்தெடுப்பதற்கு நாம் கூறும் மதிப்பெண் முறை இது. முதலில் செவியைச் சோதித்து, காது கேளாத நாயை நீக்குக. எஞ்சியவற்றுக்குக் கால்களுக்கும் நடைக்கும் 25, மார்பு, முதுகு, வயிற்றுக்கு 20, குணத்திற்கு 20, தலை, தாடை, பல்லுக்கு 15, உயரத்திற்கு 10, நிறம், மூக்கு, கண் ஆகியவற்றுக்கு 10 என்று நூறு மதிப்பெண் இடுக. நிறத்தைப் புறக்கணிக்கவில்லை, ஆனால் நூற்றில் பத்துக்கு மேல் அதற்குக் கொடுக்கவில்லை. ஊர்த் திருவிழாவில் நாய்க் காட்சி நடத்தும் பஞ்சாயத்துக்கள் இம்முறையைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

உடன்பிறந்த நாய்களையோ, தாய் தந்தையரோடு குட்டிகளையோ இணை சேர்த்தல் அறவே கூடாது. ஒரே தெருவில் உள்ள ஒரே பொலி நாயை எல்லாப் பெட்டைகளுக்கும் பயன்படுத்தினால், சில ஆண்டுகளில் ஊரிலுள்ள நாய்கள் யாவும் ஒரே குடும்பமாகிவிடும். தொலைவூர் நாயை நாடிச் செல்லும் வண்டிச் சத்தம் வீண் செலவன்று.

நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் விதிகள் 2017-இல் வெளிவந்தன. அவற்றின்படி, 18 மாதம் நிரம்பாத பெட்டையையும் 8 வயது கடந்த பெட்டையையும் இணை சேர்த்தல் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் ஆகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. விற்பனைக்காக இனம் பெருக்குவோர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். எட்டு வாரம் என்னும் விதி வாங்குவோருக்குப் பெரும் பாதுகாப்பு. ஒரு மாதக் குட்டியை வாங்கினால் செவியைச் சோதிக்க இயலாது. எட்டு வாரக் குட்டியானால் சோதித்தே வாங்கலாம். தமிழ்நாடு அரசு 2024-இல் வகுத்த நாய் இனப்பெருக்கக் கொள்கையும் நாட்டு இனங்களைப் பேணுவதை வலியுறுத்துகிறது.

வெளிறிய தோலுக்கு வெயில் ஆகாது என்பதையும் மறத்தலாகாது. இளஞ்சிவப்பு மூக்கும் செவி ஓரமும் கடும் வெயிலில் வெந்து புண்ணாகும். பகலில் மரநிழலும் குடிநீரும் கிடைக்கச் செய்தல் வளர்ப்போர் கடமை.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஊரில் உள்ள இராஜபாளையம் நாய்களுக்கு ஒரு பதிவேடு வைத்தல் முதற்பணி. ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். குட்டி பிறந்த நாள், தாய், தந்தை, ஈற்றில் பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நிறம், மூன்றாம் மாதத்தில் கண்ணின் நிறம், செவிச் சோதனையின் முடிவு, பதினெட்டாம் மாதத்தில் உயரம், தடுப்பூசி போட்ட நாட்கள் ஆகியவற்றை எழுதி வருக. நிறக்குட்டிகளையும் விடாமல் எழுதுதல் வேண்டும். ஐந்தாண்டு இவ்வாறு எழுதினால், எந்த வழியில் செவிடு வருகிறது என்பதை ஊராரே கண்டுகொள்ளலாம். குட்டி வாங்க வருவோரும் அப்பதிவேட்டை நம்பி வாங்குவர். இராஜபாளையத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருப்பதால் அறிவுரை பெறுவதும் எளிது.

கர்நாடக மாநிலம் பாகல்கோட்டை மாவட்டத்தில், முதோலுக்கு அண்மையில் உள்ள திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகம் நாய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்து முதோல் நாயைப் பேணியது. 2016-இல் இராணுவத்தினர் முதோல் குட்டிகளை மீரட்டில் உள்ள தமது பயிற்சி நிலையத்திற்குக் கொண்டுசென்றனர். அவர்கள் தேடிச் சென்றது நிறத்தையன்று. உழைக்கும் உடலையும் கூர்மையான புலன்களையுமே என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது பணி வெறிநோய்த் தடுப்பு. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும் ஊசியும் போடுதல் வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அன்று ஊரில் தடுப்பூசி முகாம் நடத்தலாம். நாய் கடித்தால் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, நாயைக் காட்டுக்குள் விடாதிருத்தல். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல்நிற அணில்களுக்கென 1988-இல் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. நாயைக் கொண்டு வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நாயிடமிருந்து நோய்கள் வனவிலங்குகளுக்குப் பரவுவதும் உண்டு. பன்றி பயிரை அழித்தால் வனத்துறையிடம் முறையிடுதலே வழி. வேட்டை நாயாகப் பிறந்த இவ்வினம் இனித் தோப்பையும் கிடையையும் வீட்டையும் காக்கும் நாயாகவே வாழ வேண்டும். அக்காவலுக்கு வேண்டியவை ஓடும் கால், அஞ்சாத நெஞ்சு, கேட்கும் செவி. வெள்ளை நிறம் அவற்றோடு சேர்ந்து வருமானால் மகிழ்வோம். அவற்றைப் பலியிட்டு வரும் வெண்மை நமக்கு வேண்டா.

கிராம சபையில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நமது ஊரில் இராஜபாளையம் நாய்கள் எத்தனை? அவற்றுள் பொலிக்கு உதவும் கடுவன் நாய்கள் எத்தனை?

2. அவற்றின் உயரத்தை முறைப்படி அளந்திருக்கிறோமா? செவியைச் சோதித்திருக்கிறோமா?

3. கடந்த ஆண்டு பிறந்த நிறக்குட்டிகள் என்ன ஆயின?

4. நீலக்கண் நாயை எவரேனும் இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்துகின்றனரா?

5. பதிவேட்டை யார் பொறுப்பில் வைப்பது? எந்த மாதத்தில் தொடங்குவது?